கால் அணா கொடுத்தவனுக்குக் கழிப்பறை வாயிலா?



பொங்கலுக்கு முந்திய இரவுகளில் ஒன்றில், எழும்பூர் நிலையத்திற்கோ தாம்பரம் நிலையத்திற்கோ சென்று, தஞ்சைத் தரணிக்குப் புறப்படும் வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியருகே சற்று நின்று பாருங்கள். வண்டி இன்னும் நின்றிராது. அதற்குள் சன்னல் வழியே துண்டுகள் பறக்கும். துண்டு விழுந்த இடம் ஒருவனுக்கு உட்கார இடம். துண்டு எறிய வலுவில்லாத கிழவனுக்கு? கைக்குழந்தைக்காரிக்கு? அவர்களுக்குக் கழிப்பறை வாயில் இருக்கிறது. விரித்துக்கொள்ள அன்றைய செய்தித்தாள் இருக்கிறது! (நம்முடைய ஏடும் அவ்விதம் விரிக்கப்பட்டிருக்கக் கண்டேன். வருந்தவில்லை, படித்துவிட்டுத்தான் விரித்திருந்தார்கள்.)

மூட்டை வைக்கும் பலகையிலே மூவர் முடங்கிக் கிடப்பர். இரு கம்பிகளுக்கிடையே புடவையால் தூளி கட்டிப் பிள்ளையை அதிலிட்டு, தாய் பக்கத்திலே நிற்பாள். விழுப்புரம் வரை நிற்பாள், சிதம்பரம் வரை நிற்பாள், விடியும் வரை நிற்பாள். மாலையிலிருந்தே அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்திருக்கமாட்டாள். தாகமில்லை என்றா எண்ணுகிறீர்கள்? கழிப்பறைக்குப் போகும் வழியெல்லாம் மனிதர்கள், கழிப்பறைக்குள்ளேயும் மனிதர்கள்! எழுந்து போனால் நின்ற இடமும் போய்விடும். போய்ச் சேரவும் முடியாது. ஆகவே நாவை உலர்த்திக்கொண்டு ஊர் வருகிறாள் காவிரிக் கரையிலே பிறந்தவள்.

யார் இவர்கள்? சென்னையிலே சாரத்தின் மேலேறிச் செங்கல் அடுக்குவோர். உணவு விடுதியிலே எச்சில் இலை எடுப்போர். அடுக்குமாடி வீட்டு வாயிலிலே பிறர் உறங்கத் தாம் விழித்திருப்போர். மேட்டூரில் நீர் வற்றி, குறுவை கைவிட்டுப் போன ஆண்டுகளில், சோற்றுக்குப் பேர்போன சோழ நாட்டிலிருந்து சோறு தேடிப் புறப்பட்டவர்கள்.

1917-இல் காந்தியார், பம்பாயிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவுகள் மூன்றாம் வகுப்பிலே வந்துவிட்டு, அந்தக் கோரத்தை எழுதினார். 22 பேருக்கென்று குறித்த பெட்டியில், பெரும்பகுதி நேரம் 35 பேருக்குக் குறையாமல் அடைந்து கிடந்ததை எண்ணிச் சொன்னார். அன்று ஆண்டது வெள்ளையன். அவனும் போனான், 1974-இல் மூன்றாம் வகுப்பும் போயிற்று, பெயரளவில்! மூன்று என்று எழுதியிருந்த இடத்திலே இரண்டு என்று எழுதினார்கள். எழுத்தின் கீழே நின்றவன் நின்றபடியேதான் நிற்கிறான்.

"ஏதோ, இரயிலாவது விட்டிருக்கிறார்களே! பொறுத்துக்கொள்ளலாகாதா?" என்று கேட்கும் புண்ணியவான்கள் உண்டு. யாரிடம் வேண்டுமானாலும் அதைக் கேட்கட்டும். தஞ்சைக்காரனிடம் கேட்கக்கூடாது.

ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். நாகையிலிருந்து திருச்சிக்கு 1862 வாக்கில் வந்த பாதை, இலண்டனிலே பங்கு விற்ற கம்பெனி போட்டது. அந்தப் பங்குதாரர்களின் வட்டிக்கு அரசாங்கம் பிணை நின்றது. ஆனால் மாயவரத்திலிருந்து தெற்கே முத்துப்பேட்டைக்குப் போன பாதை இருக்கிறதே, அது எவன் கொடுத்த பிச்சையுமன்று. தஞ்சை ஜில்லா போர்டு அதற்கென்றே நிலத்தின் மீது தனி வரி போட்டது. ரூபாய்க்கு 3 தம்பிடி. அதாவது கால் அணா. பட்டாதாரர் பெயரிலே ரசீது எழுதினார்கள். கட்டிய காசிலே இருந்தது குத்தகைக்காரனின் வியர்வை, பண்ணையாளின் பசி. அந்தக் காசு சேர்ந்து தண்டவாளமாயிற்று. 1894-இல் வண்டி ஓடிற்று. பின்னர்ப் பட்டுக்கோட்டை, 1903-இல் அறந்தாங்கி. மக்கள் வரி கொடுத்து, மாவட்டமே சொந்தமாக இரயில் பாதை போட்டதற்கு இந்தத் துணைக்கண்டத்திலே முன்னோடி நம் தஞ்சை!

அந்தப் பாதை பின்னாளில் தில்லியின் கைக்குப் போயிற்று. போனபின் என்ன ஆயிற்று?

மீட்டர் பாதைக் காலத்தில் கம்பன் விரைவு வண்டி, இரவில் சென்னையை விட்டுப் புறப்பட்டு, திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி சேர்ந்தது. 2006-இல் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையை அகலமாக்க மூடினார்கள், வண்டி நின்றது. 2010-இல் அதைத் திறந்தார்கள், வண்டி வரவில்லை. 2012-இல் திருவாரூர்–காரைக்குடிப் பாதையையும் மூடினார்கள். ஏழு ஆண்டுகள்! தண்டவாளம் கிடந்த இடத்திலே கருவேல் முளைத்தது. பிள்ளைகள் பள்ளி முடித்துக் கல்லூரியும் முடித்தார்கள். இதற்கிடையே கம்பன் என்ற பெயரை எடுத்துக் காரைக்கால் வண்டிக்குச் சூட்டிவிட்டார்கள். பெயர் கிடைத்தவர்கள் மகிழட்டும். பறிகொடுத்தவர்கள் யாரிடம் கேட்பது?

2019 ஜூனில் பாதை திறந்தது. அந்தக் கூத்தையும் சொல்லவேண்டும். கேட்டுகளுக்குக் காவலர் இல்லை. ஆகவே கேட் காக்கும் ஆள் வண்டியிலேயே வருவான்! கேட் வருமுன் வண்டி நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவன் இறங்கி ஓடிக் கேட்டை மூடுவான். வண்டி நகர்ந்து அப்பால் போய் மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து ஒருவன் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவான். அடுத்த கேட்டிலும் இதே ஆட்டம். அதற்கடுத்த கேட்டிலும் இதே. சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. பின்னர் ஆள் அமர்த்தினார்கள். ஊர் சிரித்த பிறகு.

சென்னைக்கு நாள்தோறும் இரவு வண்டி? அது 2025 ஏப்ரல் 6-இல் வந்தது. தாம்பரம்–இராமேசுவரம் வண்டி. வாரம் மும்முறை ஓடும் செங்கோட்டை வண்டி 2023 ஏப்ரலில் வந்திருந்தது. நாள்தோறும் ஓடுவதற்கோ 19 ஆண்டுகள் காத்திருந்தோம். வந்ததை வரவேற்கிறோம். ஆனால் தோழர்களே, அது நமக்காக வந்ததா? பாம்பனிலே புதிய பாலம் திறந்தார்கள். விழாவுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. வழியிலே நாம் இருந்தோம்! தொடங்கியபோது வகுத்த நேரத்தைப் பாருங்கள்: பிற்பகல் 3 மணிக்கு இராமேசுவரம், விடியலுக்கு முன்னே, 3 மணிக்குமேல், தாம்பரம். பட்டுக்கோட்டையில் ஏறும் கிழவி அந்த நேரத்தில் தாம்பரத்திலே இறங்கி எங்கே போவாள்?

"நட்டம்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆளில்லாமலா ஆம்னி பஸ்கள், விழாக் காலத்தில் கட்டணத்தை வானத்திற்கு ஏற்றியும், நிரம்பிப் போகின்றன? காசில்லாதவனிடம்தானே அந்தக் காசு பிடுங்கப்படுகிறது! 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகையைப் பறித்தார்கள்; தொற்று போனது, சலுகை திரும்பவில்லை. 1924 முதல் தனியாக வந்த இரயில்வே நிதிநிலை அறிக்கையை 2017-இல் பொது அறிக்கையோடு கரைத்தார்கள். இதையெல்லாம் மன்றத்திலே விரித்துப் பேசக் கிடைத்த நாளும் அதோடு கரைந்தது.

இன்னொன்று. அறுவடை முடிந்ததும் தஞ்சை நிலையத்திற்குச் சென்று பாருங்கள். ஆயிரக்கணக்கான டன் நெல், மூட்டை மூட்டையாகச் சரக்கு வண்டியில் ஏறும். ஒரு பெட்டியில் எத்தனை மூட்டை என்பதற்குக் கணக்கு உண்டு. அதற்கு மேல் ஒரு மூட்டை ஏற்றமாட்டார்கள். நெல் நசுங்கக்கூடாது! அந்த நெல்லுக்கு நாற்று நட்டவளை ஏற்றும் பெட்டிக்குத்தான் கணக்குமில்லை, கட்டுமில்லை.

நாம் கேட்பது அதிகமன்று. டெல்டாவுக்கு வரும் ஒவ்வொரு இரவு வண்டியிலும் கூடுதலாக முன்பதிவில்லாப் பெட்டிகள். திருவாரூர்–பட்டுக்கோட்டை–காரைக்குடி வழியில், விடிந்தபின் எழும்பூர் சேரும்படி ஓர் இரவு வண்டி. முதியோர்க்குப் பறித்த சலுகை. கேட்கும் இடம் தில்லி. கேட்பவர் கையிலே கணக்கு இருக்கவேண்டும்.

ஆகவே கிளைக் கழகத் தோழர்கள் இந்தப் பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது ஒரு வேலை செய்யுங்கள். காந்தியார் எண்ணியது போல் எண்ணுங்கள். வண்டியின் பெயர், நாள், பெட்டிக்கு உரிய இருக்கை எத்தனை, உட்கார்ந்தவர் எத்தனை பேர், நின்றவர் எத்தனை பேர், கழிப்பறை வாயிலில் கிடந்தவர் எத்தனை பேர். எழுதி மாவட்ட அலுவலகத்திற்கு அனுப்புங்கள். இருக்கை எண்ணிக்கைக்கு எவரையும் கேட்கவேண்டாம், பெட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள்.