எடுத்து வளர்த்த பிள்ளையிடம் எப்போது சொல்வது?



நம் வீடுகளில் அடுப்படியோடு நின்றுவிடும் பேச்சுகளில் ஒன்று, எடுத்து வளர்க்கும் பிள்ளையைப் பற்றியது. “அவளுக்குத் தெரியாது, மெல்லமாகப் பேசுங்கள்” என்று ஒருவர் வாயை ஒருவர் பொத்துவார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியாது. இம்மாதம் அதைப் பற்றித்தான் கொஞ்சம் மனம்விட்டுப் பேசப் போகிறோம்.

பிள்ளைகள் கைமாறி வளர்வது நம் கரையோரத்துக்குப் புதிதல்ல. உச்சமுனை தொடங்கிக் கற்பிட்டி, புத்தளம் வரை கடலை நம்பி வாழும் ஊர்கள் இவை. கடலுக்குப் போன வாப்பா திரும்பாத வீடுகள் உண்டு. உம்மா மத்திய கிழக்குக்குப் போக, உம்மும்மாவின் மடியில் வளரும் பிள்ளைகள் உண்டு. பிள்ளையில்லாத ராத்தாவுக்குத் தன் பிள்ளைகளில் ஒன்றைக் கொடுத்த தங்கைகள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்ப் பக்கத்து மக்கள் பலர் வள்ளங்களில் வந்து இறங்கியதும் இந்தக் கற்பிட்டிக் கரையில்தான். குடும்பங்கள் சிதறும்போதெல்லாம் பிள்ளைகளைத் தாங்கியவை உறவுகளின் வீடுகளே.

வளர்ப்பதில் நம் பெண்கள் குறை வைப்பதில்லை. குறை வருவது மறைப்பதில்தான்.

நிக்காஹ் வரை மறைக்க முடியுமா?

பெண் பிள்ளை ஒன்றை எடுத்து வளர்க்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று அவள் நம்பியிருக்கிறாள். மாப்பிள்ளை பார்த்து, நாள் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் பள்ளிவாசலில் கேட்பார்கள்: “வலி யார்?”

நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் பெண்ணின் நிக்காஹுக்கு வலி அவசியம். பெற்ற தகப்பன், தகப்பனின் தகப்பன், சகோதரன் என்று இரத்த உறவின் வழியே அந்தப் பொறுப்பு போகும். வளர்த்தவர் என்பதால் மட்டும் ஒருவர் வலியாகிவிட முடியாது. வலி இல்லாத பெண்ணின் திருமணத்துக்கு அனுமதி வழங்கும் பொறுப்பை 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி நீதிபதியிடம் கொடுத்திருக்கிறது. ஆக, கைக்கு மருதாணி போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பெண், தன் தகப்பன் பெயர் வேறு என்று கேட்க நேர்கிறது. அதுவும் யாரோ ஒருவரின் வாயிலிருந்து! இருபது வருட அன்பை அந்த ஒரு நிமிடம் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும். “இதையே மறைத்தவர்கள் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பார்கள்?” என்று அவள் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

இதே நாளை இன்னொரு விதமாகவும் நடத்தலாம். பெற்ற தகப்பன் உயிரோடிருந்தால், அவர் தன் சார்பில் வளர்த்தவரை வக்கீலாக நியமிக்க மார்க்கத்தில் இடமுண்டு. அப்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் செய்து கொடுப்பவர் வளர்த்த வாப்பாவாகவே இருக்க முடியும். ஆனால் எல்லோருக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஸைத் அவர்களின் வரலாறு

நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களை நாம் அறிவோம். பெற்ற தகப்பன் தேடி வந்து மீட்டுப்போக நின்றபோதும், நபியவர்களுடன் இருப்பதையே தெரிவு செய்தவர். மக்கள் அவரை ‘முஹம்மதின் மகன் ஸைத்’ என்றே அழைத்தார்கள். பின்னர் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் வசனம் இறங்கியதும் பழையபடி ‘ஹாரிஸாவின் மகன்’ ஆனார். பெயர் மாறியது, பாசம் குறையவில்லை. அவருடைய மகன் உஸாமா (ரலி) அவர்களும் நபியவர்களின் அன்புக்குரியவராகவே வளர்ந்தார். தோழர்களில் குர்ஆனில் பெயர் சொல்லப்பட்டவரும் ஸைத் ஒருவரே.

சகோதரிகளே, ஸைத் தன் தகப்பன் யார் என்று தெரிந்துகொண்டே அந்த வீட்டில் இருந்தார். பெற்றவரை அறிந்தால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடும் என்று பயப்படும் தாய்மாருக்கு இதைவிட ஆறுதல் வேறு வேண்டுமா?

வம்சத்தை மறைக்காதே என்று மார்க்கம் சொல்வதில் நடைமுறைக் காரணமும் இருக்கிறது. சின்ன ஊர்களில் சம்பந்தம் ஊருக்குள்ளேயே நடக்கும். யார் பிள்ளை என்று தெரியாமல் போனால், கூடப் பிறந்தவரையே மணமுடித்துவிடும் அபாயம் உண்டு. பரம்பரை நோய்களைப் பற்றி வைத்தியர் கேட்கும்போதும் பதில் வேண்டும்.

பெற்றோர் யாரென்றே தெரியாத பிள்ளை என்றால்? அவர்களை மார்க்கச் சகோதரர்களாக ஏற்கும்படியே குர்ஆன் வழிகாட்டுகிறது. பிள்ளையின் மீது எந்தக் குற்றமும் இல்லை. கராச்சியில் 2022 இல் காலமான பில்கீஸ் ஈதி அம்மையார், தங்கள் நிலையங்களின் வாசலில் தொட்டில்களை வைத்து, குழந்தையைக் கொல்லாமல் இதில் விட்டுச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அப்படிக் கிடைத்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் நல்ல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

எப்படிச் சொல்வது?

ஒருநாள் உட்கார வைத்து உடைத்துச் சொல்லும் இரகசியமாக இதை ஆக்கிவிடாதீர்கள். பிள்ளைக்கு மூன்று நான்கு வயதாகும்போதே, தூங்க வைக்கும்போது கதையாகத் தொடங்குங்கள். “நீ வேறொரு உம்மாவின் வயிற்றில் இருந்தாய். அல்லாஹ் உன்னை எங்களிடம் அனுப்பினான். நீ வந்த அன்று வாப்பா தூங்கவே இல்லை” என்று சொல்லுங்கள். அந்த வயதில் பிள்ளைக்குப் பாதி விளங்காது. ஆனால் பின்னர் எவர் வந்து சொன்னாலும் அது பழைய செய்தியாகவே இருக்கும். வயது கூடக்கூட விவரத்தையும் கூட்டிச் சொல்லுங்கள்.

பெற்றவளைக் குறை சொல்ல வேண்டாம். “உன்னை வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனாள்” என்ற பேச்சு, பிள்ளையின் காதில் “நீ வேண்டாதவள்” என்றே விழும். “வளர்க்க முடியாத நிலையில் இருந்தாள்” என்பது போதும். “நாங்கள் இல்லாவிட்டால் உன் கதி என்ன?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். வளர்த்தது நன்மையை நாடி. அதைக் கடன் கணக்காக்கக் கூடாது.

பெருநாளைக்கு வரும் உறவினர்கள், “இவன் யாரைப் போல?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பாடசாலையில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்வார்கள். இவற்றுக்கு என்ன பதில் சொல்வதென்று பிள்ளையோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். பதினான்கு பதினைந்து வயதில் கோபத்தில், “நீங்க என்ட உம்மா இல்லையே” என்று ஒரு நாள் சொல்லக்கூடும். நெஞ்சில் குத்தும். ஆனால் அந்த வயதில் பெற்ற பிள்ளையும் அதற்குக் குறையாத வார்த்தை சொல்லத்தான் செய்யும். கதவைச் சாத்தாமல் சாப்பாட்டை எடுத்து வையுங்கள்.

பாலூட்டும் வயதில் வந்த பிள்ளையா?

பிள்ளை பெரியவனாகும்போதோ பெரியபிள்ளையாகும்போதோ எழும் கேள்வி மஹ்ரம் பற்றியது. இதற்கு வழி தொட்டில் பருவத்திலேயே இருக்கிறது. சந்திரக் கணக்கில் இரண்டு வயதுக்குள், ஷாபிஈ மத்ஹபின்படி தனித்தனியாக ஐந்து தடவை பாலூட்டினால் பால்குடி உறவு ஏற்படும். எடுத்தது பெண் குழந்தையென்றால் கணவரின் சகோதரி பாலூட்டலாம். கணவர் அவளுக்குப் பால்குடி வழியில் மாமாவாகிவிடுவார். ஆண் குழந்தையென்றால் உங்கள் ராத்தாவோ தங்கையோ பாலூட்டினால் நீங்கள் சாச்சியோ பெரியம்மாவோ ஆகிவிடுவீர்கள். பிள்ளை பெறாத பெண்ணுக்கும் வைத்தியரின் மேற்பார்வையில் பால் சுரக்கச் செய்ய இன்று வழியுண்டு. யார் பாலூட்டினார்கள் என்பதை எழுதி வையுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுடன் பின்னர் சம்பந்தம் பேசக் கூடாதல்லவா? உங்கள் ஊர் ஆலிமிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய வயதில் வந்த பிள்ளையென்றால் உடை, தனிமை ஒழுங்குகள் பருவ வயதில் மாறும். உண்மை தெரிந்து வளர்ந்த பிள்ளைக்கு அது விளங்கும். தெரியாத பிள்ளைக்கோ, வாப்பா திடீரென விலகிப் போனதாகவே தோன்றும்.

பத்திரங்கள்

சிலர் பிறந்த குழந்தையை வாங்கி, தாமே பெற்றதாகப் பதிந்துவிடுகிறார்கள். இது குற்றம், வம்சத்தையும் பொய்யாக்குகிறது. நம் நாட்டில் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தை அணுகினால் வழி சொல்வார்கள். மகவேற்புக் கட்டளையை நீதிமன்றம் பிறப்பிக்கும். பலருக்குத் தெரியாத விடயம், பெற்றோர் அல்லாதவர்கள் பிள்ளையின் பாதுகாவலராகப் பதிந்துகொள்ளவும் அதே சட்டத்தில் இடமிருப்பது. நம் மார்க்கத்தின் ‘கபாலா’ முறைக்கு, அதாவது வம்சத்தை மாற்றாமல் பொறுப்பேற்று வளர்ப்பதற்கு, இது நெருக்கமானது. 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 20 ஆவது உறுப்புரையிலும் கபாலாவின் பெயர் இருக்கிறது. உச்சமுனையிலிருந்து அலுவலகங்களுக்குப் போவதென்றால் வள்ளமேறிக் கற்பிட்டிக்கு வந்து, பின்னர் பஸ் பிடிக்க வேண்டும். சிரமம்தான். ஆனால் பாடசாலை, அடையாள அட்டை, கடவுச்சீட்டு என்று பின்னால் வரும் அலைச்சலோடு பார்த்தால் இது சிறிது.

பொய்ப் பத்திரம் என்ன செய்யும் என்பதற்கு நம் நாடே சாட்சி. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஆயிரக்கணக்கான குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பலருடைய பத்திரங்களில் தாயின் பெயரே பொய் என்று 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியொன்று வெளிப்படுத்தியது. 2021 இல் அந்நாட்டு விசாரணைக் குழுவும் முறைகேடுகளை உறுதி செய்தது. வசதியான வீடுகளில் வளர்ந்தவர்கள்கூட, நடுத்தர வயதில் இங்கே வந்து பெற்றவளைத் தேடி அலைகிறார்கள். சோறும் துணியும் அந்தக் கேள்வியை அடக்கிவிடவில்லை.

சொத்து

1931 ஆம் ஆண்டின் முஸ்லிம்களின் வாரிசுரிமைச் சட்டப்படி, மரண சாசனம் எழுதாமல் மவுத்தானவரின் சொத்து மார்க்க விதிப்படியே பங்கிடப்படும். அதில் வளர்ப்புப் பிள்ளைக்குப் பங்கில்லை. இருபது வருடம் “என் மகன்” என்று சொல்லிவிட்டு ஒன்றும் எழுதாமல் கண்மூடினால், மய்யித்து எடுத்த வீட்டிலேயே வழக்கு தொடங்கிவிடும். உயிரோடிருக்கும்போதே அன்பளிப்பாகக் கொடுக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத் செய்யலாம். வாயால் சொல்வது போதாது. நொத்தாரிசிடம் உறுதி எழுதி, உரியவர் கையில் ஒப்படைத்துவிடுங்கள். மற்ற வாரிசுகளையும் கூப்பிட்டு விளங்கப்படுத்துங்கள்.

சகோதரிகளே, பிள்ளையின் பெயரை மறைத்தால்தான் பாசம் நிலைக்கும் என்று எண்ண வேண்டாம். உங்கள் வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்து, இன்னும் சொல்லவில்லையென்றால், வேறு வாய் சொல்வதற்கு முன் உங்கள் வாயால் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் இருந்தால் உங்கள் நாவைக் காத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லும் உரிமை அந்தத் தாய்க்கு மட்டுமே உரியது. அநாதையைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தன்னருகே இருப்பார் என்று இரு விரல்களைக் காட்டிச் சொன்னார்கள் நமது நபியவர்கள். அந்தப் பேற்றை வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.