தறிக்கும் கூரை வேண்டும்

1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமத்தை ஒட்டியே நெசவாளர் ஊரான சின்னாளபட்டி இருப்பதை நாம் அறிவோம். பல்கலைக்கழகம் உள்ள இடத்தில் வாடகை தலைக்கணக்காகிறது. நான்கு மாணவர்கள் பகிர்ந்து தருவதை நெசவாளர் தம் கூலியில் தனியாகத் தரவேண்டும். அவருக்குப் படுக்க மட்டுமல்ல, தறி போடவும் இடம் வேண்டும். வீடு மாறினால் தொழிலும் நிற்கும். மாணவர்களைக் குறைசொல்ல மாட்டோம். அவர்களிலும் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகளே.

வீடு மனித மாண்போடு தொடர்புடையது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் எழுதினார். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டமோ, வேறு உடன்பாடு இல்லையெனில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. அந்த 'வேறு உடன்பாடு'தான் ஓட்டை. வீடு தேடி அலைபவர் எதற்கும் உடன்படுவார். நம் பங்குகளில் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அட்வான்ஸ் பேசும்போது மூன்று மாதத்தோடு நிறுத்துவோம்.