தபாலில் எச்.ஆர். படிக்கலாமா?

பி.காம் கடைசி வருஷம். அடுத்து தொலைதூரக் கல்வியில் எம்பிஏ, மனிதவள மேலாண்மை என்றேன். ஊரில் இருக்கும் அப்பா போனிலேயே முகம் சுளித்தார். "தபால்ல படிச்சா எவன்டா மதிப்பான்?"

மதிப்பெல்லாம் இருக்குங்க. பக்கத்துச் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லேயே அஞ்சல்வழிக் கல்வியை ஆரம்பித்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று யுஜிசி 2022-ல் அறிவித்தது.

என் பிரச்சினை வேறு. மேன்ஷனில் பக்கத்து ரூம் அண்ணன் பகலில் ஒரு கம்பெனியில் பி.எஃப். கணக்கு பார்க்கிறார், ராத்திரி இதே பாடத்தைப் படிக்கிறார். 'குறை தீர்த்தல்' என்றால் அவருக்கு நேற்று சம்பளம் பிடித்ததற்குச் சண்டை போட்ட ஆள் ஞாபகம் வருகிறார். எனக்குப் பத்து மார்க் கேள்விதான் ஞாபகம் வருகிறது! போதாததற்கு 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, 29 பழைய சட்டங்கள் போய்விட்டன. பழைய கைடு வாங்கினால் கோவிந்தா.

1923-ல் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்திய இடங்களில் ஒன்று இதே திருவல்லிக்கேணிக் கடற்கரை. இங்கே இருந்துகொண்டு தொழிலாளியைப் புத்தகத்தில் மட்டும் பார்த்துவிட்டு எச்.ஆர். ஆவது எனக்கு ஒப்பவில்லை.

சின்னதானாலும் முதலில் ஒரு வேலை. அப்புறம்தான் அப்ளிகேஷன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.