ராலி ஓட்டப் பணக்காரனாகப் பிறக்க வேண்டுமா?

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு மெல்பேர்னில் இருக்கும் சித்தப்பா போன் எடுத்தார். அவருடைய மகனுக்கு 19 வயது. டண்டினோங் பக்கம் ஆளில்லாத தொழிற்பேட்டைத் தெருவொன்றில் காரைச் சுழற்றிப் புகை கிளப்பியிருக்கிறான். பொலிஸ் பிடித்துவிட்டது. விக்டோரியாச் சட்டப்படி கார் 30 நாளுக்குப் போய்விட்டது. இழுத்துக்கொண்டு போன செலவையும் நிறுத்தி வைத்த செலவையும் கட்டித்தான் திரும்ப எடுக்க வேண்டும். கோர்ட் வேறு.

"உன்னைப் பார்த்துத்தான் உவனுக்கு இந்தக் கார் விசர் பிடிச்சது," என்றார் சித்தப்பா.

"அவனை ரோட்டில விடாமல் ராலிக்குக் கூட்டிக்கொண்டு போவம், சித்தப்பா."

"அதுக்கு எவ்வளவு முடியும்?"

சொன்னேன். அவ்வளவு கோபத்தில் இருந்த மனிதர் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்கு அன்றிரவு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் செலவுக் கணக்கு

ராலி தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். காட்டுக்குள் இருக்கும் மண் பாதையைப் பொது வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். கார்களை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். உங்கள் எதிரி நேரம் மட்டும்தான். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து அடுத்த வளைவு எப்படிப்பட்டது என்று குறிப்பைப் படித்துச் சொல்வார். அவர்தான் கோ-டிரைவர்.

நான் பகலில் கம்பெனிகளுக்கு ஐ.டி. ஆலோசனை சொல்கிறவன். என்ஜினியரிங்கில் மாஸ்டர்ஸ் செய்தவன். எதையும் ஸ்பிரெட்ஷீட்டில் போடாவிட்டால் நித்திரை வராது. என் கணக்கு இது:

பழைய ஹியூண்டாய் எக்செல் 2,500 டாலர். ரோல் கேஜ், அதாவது கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் காக்கும் இரும்புக் கூடு, 5,500. இரண்டு பந்தய இருக்கைகள் 1,600. இரண்டு பேருக்கும் பட்டிகள் 700. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் இரண்டு, 1,000. ஹெல்மெட் இரண்டு, 1,000. தீப்பிடிக்காத உடுப்புகள் 1,800. இன்டர்கொம் 500. சஸ்பென்ஷனும் அடித்தகடும் 3,000. மொத்தம் 17,600 டாலர்.

இது கார் அசைவதற்கு முன்னால். பிறகு ஒவ்வொரு ராலிக்கும் நுழைவுக் கட்டணம், டயர், பெற்றோல், ட்ரெய்லர், தங்கும் அறை என்று 2,000க்கு மேல்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். கார்தான் மலிவு. புதியவனை வாசலிலேயே தடுப்பது காரைச் சுற்றியிருக்கும் மற்றவை.

இந்தச் செலவைப் பற்றிக் கிளப் ஒன்றில் கேட்டேன். மூத்தவர் ஒருவர் தோளில் தட்டி, "மோட்டர் ஸ்போர்ட் எப்போதுமே இப்படித்தான். கட்டுப்படியாகாதவர்கள் பார்க்க வரலாம்," என்றார். அதே ஆள் பத்து நிமிடம் கழித்து, "இப்போது இளைஞர்கள் யாரும் வருவதில்லை" என்று கவலைப்பட்டார்.

"எப்போதுமே" என்பது பொய்

1953இல் சிட்னியிலிருந்து ரெடெக்ஸ் ட்ரயல் புறப்பட்டது. நாட்டைச் சுற்றி 10,000 கிலோமீட்டருக்கு மேல். 187 கார்கள் கிளம்பின, பெரும்பாலும் குடும்பங்கள் ஓட்டும் சாதாரணக் கார்கள். வென்றவர் கென் டப்மன், மெயிட்லண்டைச் சேர்ந்த மருந்துக்கடைக்காரர். அவர் ஓட்டியது ஒரு பேஜோ 203. அது இன்றைய ராலி மாதிரி வேகப் போட்டி இல்லை, காரின் தாக்குப்பிடிக்கும் சக்தியைச் சோதிக்கும் ஓட்டம். ஆனால் இந்த நாட்டு மக்கள் ராலியைக் காதலிக்கத் தொடங்கியது அப்படித்தான். மருந்துக்கடைக்காரர் வென்ற விளையாட்டை "எப்போதுமே பணக்காரர் விளையாட்டு" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இன்னொரு கதை நம்முடையது. 1980களின் பிற்பகுதியில் கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்பவர் ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். அதன் எஞ்சின் எது தெரியுமா? வீட்டுக்கு வீடு நின்ற மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சின். பழுதானால் பக்கத்துக் கராஜிலேயே பாகம் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்பதால் காசைக் கொட்டி வேகத்தை வாங்கவும் முடியாது. அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவையில் அவர் பெயரில் கரி மோட்டர் ஸ்பீட்வே இருக்கிறது.

அந்தச் சின்னக் காரில் பந்தயத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005 மார்ச்சில், மெல்பேர்ன் அல்பர்ட் பார்க்கில், ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். நானும் அப்பாவும் சிட்னி வீட்டில் டிவிக்கு முன்னால் இருந்தோம். ஒரு தமிழ்ப் பெயரை அவுஸ்திரேலிய வர்ணனையாளர்கள் தட்டுத்தடுமாறிச் சொன்னதைக் கேட்டு அப்பா சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. நரேன் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை இல்லை, அவருடைய தகப்பனாரே ராலியில் பெயர் எடுத்தவர். ஆனால் கரிவரதன் திறந்த வாசல் நரேனுக்கு மட்டும் திறந்ததல்ல. ஒருவர் உட்கார்ந்து யோசித்தால் இந்த விளையாட்டின் விலையைக் குறைக்க முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது.

"மலிவு என்றால் ஆபத்து"

இந்த வாதத்தைத்தான் அடிக்கடி கேட்கிறேன். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. டார்கா டாஸ்மேனியாவில் 2021இல் மூன்று பேர், 2022இல் ஒருவர் இறந்தார்கள். இலங்கையில் 2024 ஏப்ரலில், தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள்.

அதனால் தெளிவாகச் சொல்கிறேன். ரோல் கேஜிலும் பட்டியிலும் ஹெல்மெட்டிலும் மார்ஷல்களிலும் அம்புலன்ஸிலும் ஒரு சதம் கூடக் குறைக்கக் கூடாது. குறைக்க வேண்டியது வேகத்தை. மோதும்போது காரில் இருக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்று ஹைஸ்கூலில் படித்திருப்பீர்கள். 100 கிலோமீட்டரில் போகும் காரைவிட 140இல் போகும் அதே காருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி. வேகத்துக்குத்தான் காசும் அதிகம்: டர்போ, கியர்பொக்ஸ், அடிக்கடி மாற்றும் டயர். சின்ன எஞ்சின், இரண்டு சக்கர இழுவை, சாதாரண கியர்பொக்ஸ் என்று வரம்பு வைத்தால் செலவும் ஆபத்தும் ஒன்றாக இறங்கும். புதியவனுக்கு 300 குதிரைச் சக்தி எதற்கு?

செய்ய வேண்டியது என்ன

முதலாவது, விலை வரம்புள்ள புதியவர் வகுப்பு. பின்லாந்திலும் சுவீடனிலும் சாதாரண மக்களுக்கான மண் பாதைப் பந்தயம் இருக்கிறது. அதில் ஓர் அற்புதமான விதி: பந்தயம் முடிந்ததும் மற்றவர்கள் உங்கள் காரை முன்பே நிர்ணயித்த குறைந்த விலைக்குக் கேட்கலாம். நீங்கள் மறுக்க முடியாது. 50,000 டாலர் கொட்டிச் செய்த காரை அடிமாட்டு விலைக்கு இழக்க எவன் விரும்புவான்? யாரும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை, விதியே பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் 24 அவர்ஸ் ஒஃப் லெமன்ஸ் போட்டியில் 500 டாலர் கார்தான், ஆனால் பாதுகாப்புச் சாமான்கள் அந்த 500இல் சேராது. இரண்டையும் சேர்த்து இங்கே ஒரு வகுப்பு எழுதுங்கள்.

இரண்டாவது, பாதுகாப்புச் சாமான்களைக் கிளப் வாங்கி வாடகைக்குக் கொடுக்க வேண்டும். எஃப்ஐஏ தரப் பட்டிகளில் ஐந்து வருட முடிவுத் தேதி தைத்திருக்கும். என் முதல் பட்டிகள் அந்த ஐந்து வருடத்தில் ஏழு ராலிதான் கண்டன. மிச்ச நாளெல்லாம் கராஜில் தூங்கின. என் வேலையில் ஒரு கம்பெனி வருடத்துக்கு ஏழு நாள் பாவிக்கச் சர்வர் வாங்கினால், "வாடகைக்கு எடுங்கள்" என்று சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். இதற்கும் அதே பதில்தான்.

மூன்றாவது, பெரிய ராலியின் கடைசியில் புதியவர்களுக்கு இரண்டு சின்னக் கட்டங்கள். பாதை ஏற்கனவே மூடியிருக்கிறது. அம்புலன்ஸ் நிற்கிறது. மார்ஷல்கள் நிற்கிறார்கள். காப்புறுதிக்கும் காட்டுப்பாதை அனுமதிக்கும் கிளப்கள் படும் பாடு எனக்குத் தெரியும், பெரும்பாலானவை தன்னார்வலர்களால் நடப்பவை. ஆனால் எல்லாம் தயாராக நிற்கும் இடத்தில் இன்னும் பத்துக் கார்களை மெதுவாக அனுப்ப ஆகும் மேலதிகச் செலவு, புதிதாக ஒரு ராலி நடத்தும் செலவில் சின்னப் பங்குதான். இன்று மார்ஷலாக நிற்பவர்களில் நான் கண்ட பலருக்குத் தலை நரைத்துவிட்டது. பதினைந்து வருடத்தில் அந்த இடத்தில் யார் நிற்பார்கள்?

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை

கிளப்களை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. அரங்கேற்றத்துக்கு மண்டபம், நகை, பக்கவாத்தியம், 400 பேருக்குச் சாப்பாடு என்று எங்கள் வீடுகளில் செலவழிப்பார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. என் அக்காவுக்கும் நடந்தது, நான்தான் வாசலில் பன்னீர் தெளித்தேன். ஆனால் அதே வீட்டில் ஒரு பெடியனோ பெட்டையோ கார் என்றால், "படிச்ச பிள்ளை செய்யிற வேலையே இது?" என்கிறார்கள். காரைப் பிரித்துப் பூட்டியபோது நான் கற்றது என் மாஸ்டர்ஸ் படிப்பில் பாதிக்குச் சமம்.

என் 17,600 டாலரைப் பத்துப் பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 1,760. யூனித் தமிழ்ச் சங்கம் ஒன்று, மெக்கானிக் மாமா ஒருவர், யாராவது ஒருவரின் கராஜ். போதும். சீட்டுப் பிடித்து வீடே வாங்கிய சனம் நாங்கள், ஒரு எக்செல் வாங்க முடியாதா?

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. மோட்டர்கானா, கானாக்ராஸ் என்று தேடிப் பாருங்கள். கூம்புகளுக்கிடையிலோ குறுகிய மண் பாதையிலோ, ஒரு நேரத்தில் ஒரு கார். பெரும்பாலும் அம்மாவின் கொரோலாவே போதும் (அம்மாவிடம் கேட்டுவிட்டு). கோ-டிரைவராகப் போனால் கார் தேவையில்லை, ஹெல்மெட்டும் உடுப்பும் ஹான்ஸும் உரிமமும்தான். மார்ஷலாகப் போனால் அதுவும் வேண்டாம்.

என் தம்பியின் கார் இன்னும் பொலிஸ் யார்டில் நிற்கிறது. அடுத்த மாதம் அவன் சிட்னிக்கு வருகிறான். வழக்கு முடியும்வரை ஸ்டியரிங் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஓபரன் பக்கக் காட்டுக்குள், விடிய நான்கு மணிக்குக் குளிரில் எழும்பி, என்னோடு கொடி பிடிக்கப் போகிறான். சித்தப்பாவுக்குச் சொன்னேன்.

"அதுக்கு எவ்வளவு முடியும்?"

"ஒண்டும் இல்லை, சித்தப்பா. மத்தியானம் சொசேஜ் சாண்ட்விச்சும் தருவினம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தடிச்ச ஜக்கெட் ஒண்டு குடுத்து விடுறன்," என்றார்.