குளிருக்கு என்ன விலை?

(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

பொருள்களை இன்றியமையாதவை, வசதிக்கானவை, ஆடம்பரமானவை என்று மூன்றாகப் பகுத்துக் காட்டுவது பொருளியல் பாடநூல்களின் வழக்கம். ஆனால் இந்தப் பகுப்பு என்றும் நிலைத்திருப்பதன்று. ஒரு தலைமுறையின் ஆடம்பரம் அடுத்த தலைமுறைக்கு இன்றியமையாததாகி விடுகிறது. மின்விசிறி அப்படித்தான் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. இன்று மின்விசிறி இல்லாத வீட்டை யாரும் வாடகைக்குக்கூடக் கேட்பதில்லை. அதே வரிசையில் இப்பொழுது நம் வாசலில் வந்து நிற்பது குளிரூட்டும் கருவி. மக்கள் வழக்கில் சொன்னால், ஏ.சி.

சித்திரை பிறந்ததும் நடுத்தரக் குடும்பங்களில் "இந்த வருஷமாவது வாங்கிவிடலாமா?" என்ற பேச்சு எழுகிறது. கடைக்குப் போகிறார்கள். விலையைக் கேட்கிறார்கள். மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறார்கள். அத்துடன் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது என்பதே என் கருத்து. கடையில் கொடுப்பது முன்பணம் போன்றது. மீதியைச் சுவர் கேட்கும், மீட்டர் கேட்கும், கூரை கேட்கும். ஒரு பங்கை நம்மைக் கேளாமலே தெருவும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

தேவை பொய்யன்று

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "எங்கள் தாத்தா காலத்தில் ஏ.சி. இருந்ததா? அவர்கள் வாழவில்லையா?" என்று கேட்போர் உண்டு. தாத்தா வாழ்ந்த வீட்டை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நாட்டு ஓடு வேய்ந்த கூரை, திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம், கொல்லையில் வேம்பு. செட்டிநாட்டு வீடுகளின் உயர்ந்த கூரையும் முற்றங்களும் அழகுக்காக மட்டும் அமைந்தவையல்ல. சூடான காற்று மேலேறி வெளியேற அமைந்த வழிகள் அவை. இன்று நாம் வாழ்வது பத்துக்குப் பத்து அறையில். மேலே வெயிலில் காயும் கான்கிரீட் தளம். சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். இந்த அறையில் இருப்பவரிடம் தாத்தாவின் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வெயிலும் விளையாட்டுக் காரியமன்று. 2003 மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. முதியோரும் கைக்குழந்தைகளும் இதய நோயாளிகளும் உள்ள வீட்டில் இரவில் உடல் குளிர்வது உயிரைக் காக்கும் காரியம். வரி விதிப்பிலும் இந்த மாற்றம் தெரிகிறது. புகையிலையும் சொகுசுக் கார்களும் இருந்த 28 சதவீத வரிசையில் வைக்கப்பட்டிருந்த ஏ.சி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. ஆகவே ஏ.சி. வாங்குவோரை ஊதாரிகள் என்று ஏசுவது என் நோக்கமன்று. அறியாமல் வாங்கிக் கடனாளியாக வேண்டாம் என்பதே நோக்கம்.

டன் என்றால் என்ன?

இக்கருவி மனிதருக்காகப் பிறந்ததன்று என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரிலிருந்த ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ண அச்சு பிசகிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வகுத்த அமைப்பே இன்றைய ஏ.சி.யின் முன்னோடி. காகிதத்துக்குக் கிடைத்த சுகம் பிறகுதான் மனிதருக்குக் கிடைத்தது.

"ஒன்றரை டன்" என்று கடைக்காரர் சொல்வது கருவியின் எடையன்று. பனிக்கட்டியைக் கொண்டு குளிரூட்டிய காலத்து அளவு அது. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்பொழுது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன். ஏறக்குறைய மூன்றரைக் கிலோவாட். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய கருவியைப் பெருமைக்காக வாங்குவது, இருவர் உண்ணும் வீட்டில் கலியாண அண்டாவில் சோறு வடிப்பது போன்றது.

சுவர் கேட்கும் செலவு

கருவி வீட்டுக்கு வந்ததும் பொருத்துநர் வருகிறார். சாதாரண பிளக் போதாது, 16 ஆம்பியர் பிளக் வேண்டும் என்கிறார். மீட்டர் பலகையிலிருந்து தடித்த செப்புக் கம்பியைத் தனியாக இழுக்க வேண்டும். தனிச் சுவிட்சும் நல்ல நில இணைப்பும் வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியானால் ஸ்டெபிலைசர் வேண்டும். வெளிப்பெட்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு, சுவரில் துளை, நீர் வடியக் குழாய், பெட்டியோடு வந்த செப்புக் குழாய் எட்டாவிட்டால் அடிக் கணக்கில் கூடுதல் குழாய் என்று பட்டியல் நீளும். பழைய வீட்டில் கம்பி மாற்றும் செலவே பெருந்தொகையாகிவிடும். அதை மிச்சம் பிடிக்க எண்ணிப் பழைய மெல்லிய கம்பியிலேயே இணைப்பவர்கள் தீ விபத்தை விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

வாடகை வீட்டுக்காரர் நிலை இன்னும் மோசம். சுவரில் துளையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். வீடு மாறும்பொழுது கழற்ற ஒரு கூலி, மாட்ட ஒரு கூலி, வாயு குறைந்திருந்தால் அதை நிரப்ப ஒரு தொகை.

மீட்டர் சொல்லும் கணக்கு

நம் மாநிலத்தில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்தது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் முழுமையாக இருப்பதால் கணக்குக்கு எளிது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு ரூ.2.25, பிறகு 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்த ரூ.2.25 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை முழுவதும் ரூ.4.50. பிறகு 500 வரை ரூ.6, 600 வரை ரூ.8, 800 வரை ரூ.9, ஆயிரம் வரை ரூ.10, அதற்கு மேல் ரூ.11.

ஏ.சி. இல்லாமல் இரண்டு மாதத்தில் 400 யூனிட் செலவிடும் குடும்பம் ஒன்றைக் கருதுவோம். அதன் கட்டணம் ரூ.1,125. இப்பொழுது ஒரு ஏ.சி. இரவில் எட்டு மணி நேரம், மணிக்கு ஒரு யூனிட் வீதம், 60 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 480 யூனிட், மொத்தம் 880. கட்டணமோ ரூ.5,350. மின்சாரம் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடியது. கட்டணம் ஏறக்குறைய ஐந்து மடங்காயிற்று! ஏ.சி. குடித்த 480 யூனிட்டுக்கு மட்டும் ரூ.4,225, அதாவது யூனிட் ஒன்றுக்கு ரூ.8.80. கோடையின் நான்கு மாதங்கள் மட்டும் ஓடினாலும் ஆண்டுக்கு ரூ.8,450, பத்தாண்டில் ரூ.84,500. கருவியின் விலை நாற்பதாயிரம் என்று கொண்டால், அதைப்போல் இரு மடங்குக்கு மேல் மின்சாரத்துக்குப் போகிறது. 2024-இல் கட்டணம் மேலும் சற்று உயர்ந்தது. கணக்கின் போக்கு மாறவில்லை.

ஆகவே இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்று நட்சத்திரம் குறைந்த கருவியை வாங்குவது சிக்கனம் ஆகாது. மின்சாரத்தைக் குறைவாக உண்ணும் கருவி, கூடுதல் விலையைப் பில்லிலேயே திருப்பித் தந்துவிடும். 2020 சனவரி முதல் வீட்டு ஏ.சி.கள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வரவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மைய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. 18-இல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வதைவிட, 26-இல் வைத்து மின்விசிறியையும் சுழலவிடுவது அறிவுடைமை.

கூரையை மறந்தோம்

இந்தக் கணக்கில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அறைக்குள் இருக்கும் வெப்பம் எங்கிருந்து வந்தது? மேல்மாடி வீட்டில் அதன் பெரும்பங்கு கூரையிலிருந்து வருகிறது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவெல்லாம் வீட்டுக்குள் உமிழ்கிறது. கூரை வழியே இறங்கும் வெப்பத்தை யூனிட்டுக்கு எட்டும் ஒன்பதும் கொடுத்து வெளியேற்றுவது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

நம் கொத்தனார்களுக்கு இது தெரியாததன்று. தளத்தின்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன்மேல் தட்டோடு பதிக்கும் வழக்கம் இருந்தது. இன்று செலவைக் குறைக்க அதையே முதலில் விட்டுவிடுகிறார்கள். புதிய தளம் போட இயலாவிட்டாலும், கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது பள்ளிப் பாடம். முதலில் கூரை, பிறகு நிழல், பிறகு மின்விசிறி, அதற்கும் அடங்காவிட்டால் ஏ.சி. என்பதே சரியான வரிசை. நாமோ கடைசியிலிருந்து தொடங்குகிறோம்.

தெரு கொடுக்கும் விலை

ஏ.சி. வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அறையின் வெப்பமும் கருவி உண்ட மின்சாரமும் சேர்ந்து வெளிப்பெட்டி வழியே தெருவில் கொட்டப்படுகின்றன. நெருக்கமான சந்தில், ஏ.சி. வாங்க இயலாதவரின் சன்னலில்தான் அந்த அனல் மோதுகிறது. ஒருவர் குளிர, இன்னொருவர் வேகிறார். 2024 மே 2-ஆம் நாள் தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சத்துக்காக வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் சுமை மின்விசிறி மட்டுமே வைத்திருப்போர் தலையிலும் விழுகிறது.

படிக் கட்டண முறை வசதியுள்ளோரிடம் அதிகம் வாங்குவதற்காக ஏற்பட்டது, கொள்கை நல்லதே. ஆனால் ஒரே மீட்டரில் நான்கு குடித்தனங்கள் இருக்குமானால் ஏழைக்கும் மேல்படிக் கட்டணம் விழுகிறது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டு உரிமையாளரே விலை வைத்து வசூலிக்கும் இடங்களில், அரசு தரும் 100 இலவச யூனிட் குடியிருப்பவரின் கைக்கு எட்டுவதே இல்லை.

செய்யத் தக்கவை

புதிய வீடுகளுக்கு அனுமதி வழங்கும்பொழுது மழைநீர்ச் சேகரிப்பைக் கேட்பதுபோல் வெப்பம் தாங்கும் கூரையையும் கேட்க வேண்டும். அரசு கட்டித் தரும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இதற்கு முன்மாதிரியாக அமைய வேண்டும். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மீட்டர் தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஏ.சி.க்குத் தவணைக் கடன் தர ஓடிவரும் நிறுவனங்கள் கூரைக்குக் கடன் தருவதில்லை. கூட்டுறவு வங்கிகள் அந்தக் குறையைப் போக்கலாம்.

மாணவ நண்பர்களே! நமக்கும் ஒரு பங்கு உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலையோரம் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். அடுத்த மாசியில், வெயில் ஏறுமுன், ஒரு தெருவை எடுத்துக்கொண்டு அங்குள்ள ஏழை வீடுகளின் தளங்களுக்கு வெள்ளையடிப்போம். இயற்பியல் மாணவர்கள் வெப்பமானியுடன் வந்து, வெள்ளையடித்த வீட்டையும் அடிக்காத வீட்டையும் அளந்து எழுதட்டும். பொருளியல் மாணவர்கள் மின்பில்களை ஒப்பிட்டுக் கணக்கிடட்டும். கிடைக்கும் எண்கள் அடுத்த ஆண்டு இதே மலரில் வெளிவரட்டும். அவற்றைப் பார்த்துவிட்டு, ஏ.சி. வாங்க வேண்டுமா என்பதை அந்தந்த வீட்டார் தீர்மானித்துக்கொள்ளட்டும்.