சிவப்பா இருந்தா மெஷின் பழசுன்னு அர்த்தமா?

ஊத்துக்குளின்னா எல்லாருக்கும் வெண்ணெய் ஞாபகம் வரும். எனக்கு ஒரு எக்செல் ஷீட் ஞாபகம் வரும்.

போன வருஷம் அங்க ஒரு நிட்டிங் கம்பெனிக்குக் கணக்கு பார்க்கப் போயிருந்தேன். அக்கவுன்ட்ஸ்ல இருந்த தம்பி மெஷின் லிஸ்ட்டுக்கு கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டு அழகா கலர் பண்ணியிருந்தார். வாங்கி 15 வருஷம் தாண்டினா சிவப்பு, 12 தாண்டினா ஆரஞ்சு, அதுக்குக் கீழ பச்சை. ஓனர் அதை பிரிண்ட் எடுத்து டேபிள்லயே வச்சிருந்தார். "சிவப்பு ஏழையும் தள்ளிவிட்டுட்டு, லோன் போட்டுப் புதுசா எடுத்தரலாம்னு இருக்கேனுங்க"ன்னார்.

அந்த ஏழையும் பில்லோட ஒத்துப் பார்த்தேன். மூணுக்கு வாங்கின தேதியே இல்லை. காலி செல்லை எக்செல் பூஜ்யமா எடுத்துக்கும். அதோட காலண்டர் 1900-ல ஆரம்பிக்குது. ஆக, அந்த மூணு மெஷினுக்கும் வயசு நூறுக்கு மேல!

இன்னொரு மெஷின் எந்தக் கலரும் இல்லாம வெள்ளையா நின்னுச்சு. தேதியை நாம கையால எழுதற மாதிரியே புள்ளி வச்சு 12.06.2007-ன்னு அடிச்சிருந்தாங்க. அந்த கம்ப்யூட்டருக்கு அது தேதி இல்லை, வெறும் டெக்ஸ்ட். ஃபார்முலா எரர் ஆனா கண்டிஷனல் ஃபார்மேட்டிங் உங்ககிட்ட எதுவும் சொல்லாது, கலர் அடிக்காம விட்டுடும். நிஜமாவே பழைய மெஷின் தப்பிச்சது இப்படித்தான்.

பச்சையையும் நம்ப முடியலை. திருப்பூர் பக்கம் வெளிநாட்டுல ஓடின செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குறது சகஜம். 2019-ல வாங்கின ஒண்ணோட நேம் பிளேட்ல 2004-ன்னு இருந்துச்சு.

சரி, இந்த 15 எங்கிருந்து வந்தது? கம்பெனிகள் சட்டம் 2013-ஓட இரண்டாவது ஷெட்யூல்ல பொதுவான மெஷினரிக்கு 15 வருஷம், ஆபீஸ் எக்விப்மென்ட்டுக்கு 5, லேப்டாப்புக்கு 3. இது தேய்மானத்தைப் பிரிச்சு எழுதறதுக்கான கணக்கு. மெஷின் எப்ப நிக்கும்னு அது சொல்லாது. டபுள் ஷிஃப்ட் ஓடின காலத்துக்கு தேய்மானம் 50 சதவீதம் கூட, மூணு ஷிஃப்ட்னா 100 சதவீதம் கூடன்னு அதே ஷெட்யூல்ல இருக்கு. அதை யாரும் ஷீட்ல கொண்டு வர்றதில்லை. வருமான வரிக் கணக்கு இன்னொரு மாதிரி: மீதி மதிப்புல வருஷா வருஷம் 15 சதவீதம் கழியும். 10 லட்ச ரூபாய் மெஷின், 15 வருஷம் கழிச்சும் சுமார் 87,000 ரூபாய்க்கு புக்ஸ்ல நிக்கும்.

அதனால, வயசை மட்டும் வச்சு சிவப்பு அடிக்கிற ரிப்போர்ட் எனக்குப் பிடிக்கறதில்லை. உங்க மேனேஜர் நம்பரைப் படிக்க மாட்டார், கலரைப் பார்ப்பார். நீங்க அஞ்சு நிமிஷத்துல போட்ட ரூல், ஒருத்தருக்கு அஞ்சு வருஷ இஎம்ஐ ஆகலாம்.

உங்க ஆபீஸ்ல லேப்டாப் லிஸ்ட் போட்டாலும் இதேதான். ஆயுட்காலத்தை ஃபார்முலாவுக்குள்ள 15-ன்னு அடிக்காதீங்க, ஒவ்வொரு வரிக்கும் தனி காலம்ல வைங்க. எடேட் ஃபங்ஷன்ல தேதியோட அந்த வருஷத்தை 12-ஆல பெருக்கிக் கூட்டுங்க. விடை டுடே-வைத் தாண்டலைன்னா காலம் முடிஞ்சது. டாலர் குறி காலம் எழுத்துக்கு முன்னாடி மட்டும், வரி எண்ணுக்கு வேண்டாம். செகண்ட் ஹேண்ட்னா தயாரிச்ச வருஷத்துல இருந்து எண்ணுங்க. பக்கத்துல போன வருஷ ரிப்பேர் செலவு. வயசு, ரிப்பேர் ரெண்டும் எல்லையைத் தாண்டினா மட்டும் சிவப்பு. எல்லா ரூலுக்கும் மேல ஒண்ணு: இஸ்நம்பர் போட்டுப் பார்த்து, தேதி சரியில்லைன்னா சாம்பல்.

அந்தத் தம்பியும் நானும் உட்கார்ந்து இப்படி மாத்தினோம். சிவப்பு ரெண்டுதான் வந்தது. அதுல ஒண்ணு, வெள்ளையா நின்ன 2007 மெஷின்.

ஓனர் பார்த்துட்டு, "இந்த சாம்பல் மூணும் என்னங்க?"ன்னு கேட்டார்.

"தெரியலைன்னு அர்த்தமுங்க."

ஃபிட்டரைக் கூப்பிட்டு, மூணு மெஷினோட நேம் பிளேட்டையும் துடைச்சுப் பார்க்கச் சொன்னார்.