நடந்தவன் யார்?

படை நடந்த பாதையிலே மீண்டும் நடந்து பார்ப்பது உலகிலே ஒரு விழாவாகிவிட்டது. 2015 இல், வாட்டர்லூ போரின் 200 ஆம் ஆண்டிலே, அந்நாளைய சீருடை பூண்டு பெல்ஜியத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கேலி பேசமாட்டோம். ஆனால், நம் வாசலிலும் ஒரு பாதை உண்டே, அது நினைவிலிருக்கிறதா என்று கேட்கிறோம்.

சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கி ஆலைக்கு விரையும் தோழரே! செங்கல்பட்டிலிருந்து பரங்கிமலை செல்லும் வழியன்றோ உமது ஊர்? அந்தத் திக்கிலே ஒருநாள் ஒரு படை ஓடிற்று.

1780 செப்டம்பர் 10. காஞ்சிக்கு அருகே புள்ளலூரில், கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஐதரும் திப்புவும் வளைத்து நொறுக்கினர். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. காஞ்சியிலே இருந்தார் எக்டர் மன்றோ, 1764 இல் பக்சாரில் வென்றவர். (தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையாக இருப்பவர் தாமஸ் மன்றோ, அவர் வேறு.) பீரங்கி முழக்கம் காதில் விழுந்தது, உதவியோ உரிய வேளையில் போய்ச் சேரவில்லை. மறுநாள், பெரும் பீரங்கிகளைக் குளத்திலே தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார், அங்கிருந்து பரங்கிமலைக்கு!

தோற்றவன் நடையை நாம் ஏன் நடக்க வேண்டும்?

துரைமார் சிலர்; சிப்பாயாக, சுமை தூக்கியாக, வண்டிக்காரனாகப் போனவர் பலர். அந்தப் பலர் இந்நாட்டு ஏழைகள். எதிரே நின்றவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே! வென்ற திப்பு, சீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவரிலே போரை ஓவியமாக்கினார். புள்ளலூரிலே, 1781 இல் மாண்ட இரு வெள்ளை அதிகாரிகளுக்குத் தூண்கள் நிற்கின்றன. மன்னனுக்குச் சுவர், துரைக்குத் தூண், மடிந்த சிப்பாய்க்கு? 1784 வரை நீண்ட போரிலே வயலும் வாழ்வும் இழந்த உழவனுக்கு?

சுமார் 40 கிலோமீட்டர், செங்கல்பட்டு முதல் பரங்கிமலை வரை. நடக்கலாம் தோழர்களே! தகர வாள் வேண்டாம், வாடகைக் கிரீடம் வேண்டாம். ஊருக்கு ஊர் நின்று, சுமந்தவன் கதையைச் சொல்வோம். கூலி பெற்று எவனுக்காகவோ செத்தவனின் கதை, இன்று உழைப்பவன் அறிய வேண்டிய கதை.

தளபதி நடந்தார் என்று ஏடுகள் எழுதும். தளபதி குதிரைமேல் போனார்! நடந்தவன் நம் பாட்டனுக்குப் பாட்டன். அவனுக்காக நடப்போம்!